பருத்தி இழையை நீட்டுவது எது?

நமது சங்கத்தில் பருத்தி விளைவிப்போரும் உளர். அப்பருத்தியின் நூலைத் தறியில் ஏற்றி நெய்வோரும் உளர். விளைவிப்போர் கேட்கும் கேள்விகள் இரண்டு. விடாமழையில் வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது, அத்தண்ணீரின் நடுவிலேயே பருத்திச் செடி தலை தொங்கி வாடுவது ஏன் என்பது முதற் கேள்வி. நன்றாக வளரட்டும் என்று வேரடியில் அள்ளி வைத்த உரமே செடியைக் கருக்கிவிடுவது ஏன் என்பது இரண்டாவது. நெய்வோர் கேட்பது ஒன்றே. ஒரே விதை, ஒரே மண், ஒரே மக்கள். அவ்வாறிருக்க ஓராண்டுப் பஞ்சு நீண்ட இழையாகி நல்ல நூலாகவும், மற்றோராண்டுப் பஞ்சு குட்டை இழையாகி அடிக்கடி அறும் நூலாகவும் வருவது ஏன்?

இம்மூன்று கேள்விகளுக்கும் விடை ஓரிடத்திலேயே இருக்கிறது. செடியின் ஒவ்வோர் உயிரணுவையும் சுற்றிப் போர்த்திருக்கும் மெல்லிய சவ்வே அவ்விடம். ஒரு மில்லிமீட்டரை ஒரு லட்சம் பங்காக்கினால், அதில் ஒரு பங்கைவிடவும் குறைந்த கனமுடையது அது. உள்ளே எது வரலாம், எது வரலாகாது, எது வெளியேற வேண்டும் என்பன யாவும் அச்சவ்வில்தான் முடிவாகின்றன. அம்முடிவு எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும், அதனால் நமது வயலுக்கும் தறிக்கும் சாயப்பட்டறைக்கும் என்ன நேருகிறது என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

எண்ணெய் வரப்பு

உயிரணு என்பது நீர் நிறைந்த ஒரு சிறு அறை. அதன் உள்ளே உள்ளதும் நீர். வெளியே உள்ளதும் நீர். இவ்விரு நீரையும் ஒன்றோடொன்று கலவாமல் பிரித்து நிறுத்தும் வரப்பே சவ்வு. நீரும் எண்ணெயும் ஒட்டுவதில்லை என்பதை நாம் அறிவோம். இயற்கை இந்த வரப்பை எண்ணெய்ப் பொருளாலேயே அமைத்திருக்கிறது.

1890-களில் ஜூரிச் நகரில் ஆராய்ந்த ஓவர்டன் என்பவர், எண்ணெயில் எளிதிற் கரையும் பொருள்கள் உயிரணுவினுள் விரைவில் நுழைவதையும், எண்ணெயில் கரையாதவை நுழையத் தயங்குவதையும் கண்டார். 1925-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டில் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர், இரத்தத்தின் சிவப்பணுக்களிலிருந்து எண்ணெய்ப் பொருளைப் பிரித்தெடுத்து நீரின்மேல் ஒற்றைப் படலமாகப் பரப்பினர். அப்படலத்தின் பரப்பு, அந்த அணுக்களின் மேற்பரப்பைப்போல் இரு மடங்காக இருந்தது. ஆகவே சவ்வு என்பது இரண்டு படலங்கள் முதுகோடு முதுகு ஒட்டிய ஓர் இரட்டைப் படலம் என்று முடிவு செய்தனர். அம்முடிவு இன்றும் நிலைத்து நிற்கிறது.

இத்தகைய எண்ணெய் வரப்பின் வழியே பிராணவாயு, கரியமில வாயு போன்ற மிகச் சிறியவை தடையின்றிச் சென்று வரும். தண்ணீர் சிறிதளவு கசியும். ஆனால் நீரில் கரைந்து மின்னூட்டம் பெற்று நிற்கும் உப்புகளும் சாம்பல்சத்தும், உருவிற் பெரிய சர்க்கரையும் அதனூடே செல்ல இயலா. செடிக்கு உணவாக வேண்டியவை பெரும்பாலும் இவையே. இவற்றிற்கென வரப்பில் தனி வழிகள் வேண்டும். அவ்வழிகளைக் காணுமுன், தண்ணீர் எத்திசையில் செல்லும் என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

தண்ணீர் செல்லும் திசை

1748-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் பாதிரியாரும் விஞ்ஞானியுமாகிய நொல்லே என்பவர், ஒரு பாத்திரத்தில் வடித்த சாராயத்தை நிரப்பி, அதன் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் இறுகக் கட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தார். சில மணி நேரத்தில் கட்டிய தோல் மேல்நோக்கிப் புடைத்துவிட்டது. ஊசியால் குத்தியதும் உள்ளிருந்த திரவம் பீச்சி அடித்தது. வெளியிலிருந்த தண்ணீர் தோலினூடே உள்ளே புகுந்ததே காரணம். இதனைச் சவ்வூடு பரவல் என்கிறோம்.

இதன் விதி எளியது. இரு பக்கமும் நீர் இருந்து, இடையே தண்ணீரை மட்டும் விடும் சவ்வு இருந்தால், கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து கரைபொருள் மிகுந்த பக்கத்திற்குத் தண்ணீர் செல்லும். உப்பிட்ட மாங்காய்த் துண்டுகளிலிருந்து நீர் ஊறி வடிவதும், தண்ணீரில் இட்ட உலர்ந்த திராட்சை உப்பிப் பருப்பதும் இந்த ஒரே விதியின் இரு பக்கங்கள்.

இவ்விதம் தண்ணீர் புகும் வேகம் சிறிதன்று. 1877-ஆம் ஆண்டில் பெஃபர் என்னும் ஜெர்மானியர் இதனை மண்கலத்தைக் கொண்டு அளந்தார். நூறு பங்கில் ஒரு பங்கு மட்டுமே சர்க்கரை கரைந்த நீர் ஏறக்குறைய 0.7 வளிமண்டல அழுத்தத்தை உண்டாக்கக் கூடியது. அதாவது, ஏழு மீட்டர் உயரத்திற்குத் தண்ணீரைத் தூக்கி நிறுத்தவல்லது.

செடியின் உயிரணுவில் சாறு மிகுதி. ஆதலால் தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். அது வெடித்துவிடாமல் காப்பது வெளியே இருக்கும் செல்லுலோஸ் சுவர். சைக்கிள் சக்கரத்தை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். உள்ளே இருக்கும் டியூப்தான் சவ்வு. வெளியே இருக்கும் டயர்தான் சுவர். டியூபில் காற்று ஏறும்போது டயர் விறைத்து நிற்பதுபோல, உயிரணுவில் தண்ணீர் ஏறும்போது சுவர் விறைக்கிறது. இலை நிமிர்ந்து நிற்பதும் தண்டு நேராக இருப்பதும் இவ்விறைப்பினாலேயே. விறைப்பு குன்றினால் வாட்டம் உண்டாகிறது. வளரும் பருவத்தில் சுவர் இளகியிருக்கும்; அப்போது இதே விறைப்பு சுவரைத் தள்ளி உயிரணுவை நீளச் செய்கிறது. செடியின் வளர்ச்சி என்று நாம் கண்ணால் காண்பதிற் பெரும்பகுதி இவ்வாறு தண்ணீர் தள்ளுவதால் ஏற்படுவதே.

மடையும் ஏற்றமும்

வரப்பில் உள்ள வழிகள் மூன்று வகைப்படும். அவை யாவும் புரதத்தால் ஆகி, எண்ணெய்ப் படலத்தின் குறுக்கே பதிந்திருக்கின்றன.

முதல்வகை மடை. மேட்டு வயலிலிருந்து பள்ள வயலுக்கு மடை திறந்தால் நீர் தானே பாய்கிறது. எவரும் இறைக்க வேண்டுவதில்லை. அவ்வாறே, ஒரு பொருள் மிகுந்திருக்கும் பக்கத்திலிருந்து குறைந்திருக்கும் பக்கத்திற்கு இம்மடைகள் வழிவிடுகின்றன. ஆயினும் ஒவ்வொரு மடையும் தனக்குரிய பொருளையே விடும். தண்ணீருக்கென்றே அமைந்த மடை ஒன்று உண்டு என்பதை 1992-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பீட்டர் ஆக்ரே மெய்ப்பித்தார். தவளையின் முட்டையில் அந்தப் புரதத்தை உண்டாகச் செய்து அதனைத் தண்ணீரில் இட்டபோது, முட்டை விரைவில் வீங்கி வெடித்தது. புரதமில்லாத முட்டையோ அப்படியே இருந்தது. அத்தகைய ஒரு மடையின் வழியே ஒரு விநாடியில் ஏறக்குறைய 300 கோடி நீர் மூலக்கூறுகள் செல்கின்றன. இக்கண்டுபிடிப்புக்காக 2003-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பெற்றது.

இரண்டாம் வகை ஏற்றம். பள்ளத்திலுள்ள நீரை மேட்டு வயலுக்குக் கொண்டுசெல்ல ஏற்றமோ கவலையோ பம்பு செட்டோ வேண்டும். அதற்கு ஆள், மாடு, மின்சாரம் என ஏதேனும் ஒரு சக்தி செலவாக வேண்டும். உயிரணுவிலும் அவ்வாறே. பிராணியின் உடலில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஏற்றத்தை 1957-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு ஸ்கூ என்பவர் நண்டின் நரம்பிலிருந்து கண்டறிந்தார். 1997-இல் நோபல் பரிசு பெற்றார். செடிகளில் உள்ள ஏற்றம் சற்றே வேறானது. அது ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுகிறது. அதனால் சவ்வின் உட்புறம் எதிர் மின்னூட்டம் பெற்று, நேர் மின்னூட்டமுள்ள பொட்டாசியத்தை உள்ளே ஈர்க்கிறது. மண்ணின் நீரில் உள்ளதைப்போல் நூறு மடங்குக்கும் மேலான பொட்டாசியம் வேரின் உயிரணுவில் சேர்ந்திருப்பது இதனாலேயே. இவ்வேற்றத்துக்கான சக்தி வேர் சுவாசிப்பதனால் கிடைக்கிறது. சுவாசத்துக்குப் பிராணவாயு இன்றியமையாதது. இதனை வாசகர்கள் நினைவில் இருத்துவாராக. முதற் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

மூன்றாம் வகை துணையோடு நுழைதல். வெளியே தள்ளப்பட்ட ஹைட்ரஜன் அயனி மீண்டும் உள்ளே பாய விரும்புகிறது. அதற்குத் திறக்கும் சில வாயில்கள், சர்க்கரையோ நைட்ரேட்டோ உடன் வந்தாலன்றித் திறப்பதில்லை. ஆகவே பாய்ந்து வரும் அயனி, தான் வரும்போதே செடிக்கு வேண்டிய உணவையும் இழுத்து வருகிறது. நம் குடலிலும் இம்முறை உண்டு. அங்கே ஹைட்ரஜனுக்குப் பதில் சோடியம் துணையாகிறது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே குடற்சவ்வைக் கடக்கின்றன என்பதை 1960-ஆம் ஆண்டில் ராபர்ட் கிரேன் எடுத்துரைத்தார். வயிற்றுப்போக்கினால் வாடும் குழந்தைக்கு வெறும் தண்ணீரைவிட, உப்பும் குளுக்கோஸும் அளவாகக் கலந்த கரைசல் உயிர் காப்பதன் காரணம் இதுவே. அப்பொட்டலத்தை அதில் குறித்துள்ள அளவு நீரிலேயே கரைக்க வேண்டும். நீர் குறைந்தால் கரைசல் கடுமையாகி, முன்னே கூறிய விதிப்படி குடலிலிருந்தே தண்ணீரை வெளியே இழுத்துவிடும்.

ஓர் உயிரணு, ஓர் இழை

இனி நமது பருத்திக்கு வருவோம். பஞ்சின் ஓர் இழை என்பது பல அணுக்கள் கோத்த சரம் அன்று. அது ஒரே ஓர் உயிரணு. பருத்தி விதையின் மேற்றோலில் உள்ள அணுக்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, பூ மலரும் நாளில் வெளியே மொட்டுவிட்டு நீளத் தொடங்குகின்றன. ஒரு விதையில் இத்தகைய இழைகள் பத்தாயிரத்துக்கும் மேல்.

அவ்வுயிரணுவின் நீட்சி வியக்கத்தக்கது. அதன் பருமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய எழுபதில் ஒரு பங்கு. நீளமோ 28 மில்லிமீட்டர் வரை செல்கிறது. நல்ல இரகங்களில் அதற்கும் மேல். அதனை விரற்பருமன் கயிறாகப் பெருக்கிக் காட்டினால், ஐந்து சேலைகளை நீளவாட்டில் இணைத்த அளவு நீண்டு கிடக்கும். பூ மலர்ந்த நாளிலிருந்து ஏறக்குறைய மூன்று வாரம் வரை இந்நீட்சி நடைபெறுகிறது. வேகம் மிகுந்த நாட்களில் ஒரு நாளைக்கு 2 மில்லிமீட்டர் வரை இழை வளர்கிறது. அதன்பின் மூன்று நான்கு வாரங்கள் உட்புறமாகச் செல்லுலோஸ் படிந்து சுவர் கனமாகிறது. காய் வெடித்ததும் நீர் வற்றி, உயிரணு மடிந்து, குழல் தட்டையாகி முறுக்கிக்கொள்கிறது. அம்முறுக்கினால்தான் ஓரிழை மற்றோரிழையைப் பற்றிக்கொண்டு நூலாகிறது.

முதல் மூன்று வாரத்து நீட்சியைச் செய்வது முற்றிலும் நாம் மேலே கண்ட விதியே. இழை தன்னுள்ளே கரைபொருளைச் சேர்க்கிறது. தண்ணீர் உள்ளே புகுகிறது. விறைப்பு ஏறி இளகிய சுவரைத் தள்ளுகிறது. எந்தக் கரைபொருள் என்பதைக் கலிபோர்னியாவில் திண்ட்சா, பீஸ்லி, டிங் என்பவர்கள் ஆராய்ந்து 1975-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பொட்டாசியமும், கொண்டைக்கடலைச் செடியின் இலையில் ஊறும் புளிப்புக்குக் காரணமான மாலிக் அமிலத்தின் உப்பும் சேர்ந்து, தண்ணீரை இழுக்கும் சக்தியிற் பாதிக்கு மேல் அளிக்கின்றன என்று அவர்கள் கண்டனர். ஆகவே நாம் சாம்பல்சத்து என்று வயலுக்கு இடுவது, இழையின் உள்ளே சென்று தண்ணீரை அழைத்து வந்து இழையை நீட்டுகிறது.

மற்றொரு செய்தியும் உண்டு. இழைக்கும் விதைத்தோலுக்கும் இடையே நுண்ணிய இணைப்புத் துளைகள் இருக்கின்றன. நீட்சி வேகமெடுக்கும் காலத்தில் அத்துளைகள் அடைபட்டுவிடுகின்றன என்பதை ஆஸ்திரேலிய நாட்டுக் கான்பரா நகரில் ரூவான் முதலானோர் கண்டு 2001-ஆம் ஆண்டில் எழுதினர். துளை அடைபட்டதால் உள்ளே சேர்ந்த சாறு திரும்பிக் கசிவதில்லை. அப்போது சர்க்கரையும் பொட்டாசியமும் சவ்வின் வாயில்கள் வழியாக மட்டுமே நுழைகின்றன. விறைப்பு உச்சத்தை அடைகிறது. சில நாட்களுக்குப்பின் துளைகள் மீண்டும் திறக்கின்றன. அவை நெடுநாள் அடைபட்டிருக்கும் பருத்தி வகைகளில் இழையும் நீளமாக இருப்பதை 2004-ஆம் ஆண்டில் அவர்கள் எடுத்துக்காட்டினர்.

நெய்வோரின் கேள்விக்கு விடை இப்போது தெளிவாகிறது. இழை எவ்வளவு நீளலாம் என்ற எல்லையை விதையின் குலம் வகுக்கிறது. அந்த எல்லையை அது எட்டுமா என்பதைப் பூ மலர்ந்தபின் வரும் மூன்று வாரங்கள் தீர்மானிக்கின்றன. அக்காலத்தில் மண்ணில் ஈரம் வற்றினால் விறைப்பு குன்றும்; இழை குட்டையாக நின்றுவிடும். பின்னர் எவ்வளவு நீர் பாய்ச்சினாலும் நின்ற இழை மீண்டும் நீளாது. அடுத்த மூன்று நான்கு வாரங்களில் சத்துக் குறைந்தால் சுவர் கனம் பெறாது. அத்தகைய முற்றாத இழைகள் சாயத்தைச் சரிவர ஏற்காமல் துணியில் வெளிறிய புள்ளிகளாகத் தெரிவதை நெசவாளர் நன்கறிவர்.

வாடலும் கருகலும்

முதற் கேள்வியை இனி எடுத்துக்கொள்வோம். நீர் தேங்கிய மண்ணில் காற்று இருப்பதில்லை. பிராணவாயு காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறக்குறைய பதினாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. வேர் மூச்சுத் திணறுகிறது, சக்தி குறைகிறது, ஏற்றங்கள் நின்றுவிடுகின்றன, உயிரணுவின் உட்புறம் புளிப்பேறுகிறது. அவ்வாறு புளிப்பேறும்போது தண்ணீர் மடைகள் தாமாகவே மூடிக்கொள்கின்றன என்பதைப் பிரான்சு நாட்டு ஆய்வாளர் 2003-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். சுற்றிலும் தண்ணீர், உள்ளே செல்லும் மடையோ மூடியிருக்கிறது. இலையிலிருந்து நீராவி வெளியேறிக்கொண்டே இருப்பதால் செடி வாடுகிறது. நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்று செல்லும் குழல்கள் இருப்பதால் அது தேங்கிய நீரிலும் தழைக்கிறது. பருத்திக்கு அவ்வசதி இல்லை. ஆகையால் கரிசல் நிலத்துப் பருத்திக்குப் பாசன வாய்க்கால் எவ்வளவு அவசியமோ வடிகாலும் அவ்வளவு அவசியம்.

உரம் கருக்குவதன் காரணமும் எளிதே. வேரடியில் குவித்த உரம் கரைந்ததும், மண்ணின் நீர் வேரின் சாற்றைவிடக் கடுமையாகிவிடுகிறது. தண்ணீர் செல்லும் திசை மாறுகிறது. வேரிலிருந்து மண்ணுக்குப் போகிறது. உப்பிட்ட மாங்காய்க்கு நேர்ந்ததே செடிக்கும் நேருகிறது. இலைவழித் தெளிக்கும் உரத்தை ஒன்று அல்லது இரண்டு சதவீதக் கரைசலாகவே பயன்படுத்தும்படி கூறுவதும் இதனை முன்னிட்டே. கை தாராளம் இவ்விடத்தில் நன்மை செய்வதில்லை.

உப்பு என்னும் பொதுப் பகை

கிணற்று நீரில் உப்பு ஏறினால், உரம் ஓரிடத்தில் செய்யும் தீமையை அது வயல் முழுவதும் செய்கிறது. மண் பரிசோதனைச் சீட்டில் மின்கடத்தும் திறன் என்று ஓர் எண் குறிக்கப்படுவதை உறுப்பினர்கள் பார்த்திருக்கலாம். அது மண் நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டுவது. மாஸ், ஹாஃப்மன் என்போர் 1977-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, நீர் ஊட்டிய மண்சாற்றில் அந்த எண் மீட்டருக்கு 7.7 டெசிசீமன்ஸ் அளவு வரும்வரை பருத்தியின் விளைச்சல் குறைவதில்லை. நெல்லுக்கு அவ்வெல்லை 3.0, நிலக்கடலைக்கு 3.2, மக்காச்சோளத்துக்கு 1.7, வெங்காயத்துக்கு 1.2. பருத்தி உப்பைத் தாங்கும் பயிர் என்பது இதனால் தெரிகிறது. ஆயினும் எல்லையைக் கடந்தபின் ஒவ்வோர் எண் ஏறும்போதும் விளைச்சலில் ஏறக்குறைய 5 சதவீதம் குறைகிறது. முளைவிடும் பருவத்திலோ பருத்திக்கும் அத்தனை தாங்கும் திறன் இல்லை.

உப்பு இருவிதமாகத் தீங்கு செய்கிறது. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு வேருக்கு விடாமல் தடுக்கிறது, இது ஒன்று. சோடியம், பொட்டாசியத்துக்குரிய வாயில்களில் முண்டியடித்து நுழைந்து அதன் இடத்தைக் கவர்கிறது, இது மற்றொன்று. கால்சியம் போதிய அளவு இருக்கும்போதுதான் வேரின் சவ்வு இவ்விரண்டையும் பிரித்தறிந்து பொட்டாசியத்தையே தேர்ந்தெடுக்கிறது என்பதை 1961-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் எப்ஸ்டீன் விளக்கினார். சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்ட களர் நிலத்தில் ஜிப்சம் இடுவதன் பயன் இரண்டு. அதிலுள்ள கால்சியம் மண்ணிலிருந்து சோடியத்தை விடுவிக்கிறது. வேரின் சவ்வுக்கும் துணை நிற்கிறது. விடுபட்ட சோடியத்தை நல்ல நீர் கட்டிக் கழுவி வடிய விடாவிட்டால் இட்ட ஜிப்சம் முழுப்பயன் தராது. கரைந்த உப்பு மட்டும் மிகுந்த உவர் நிலத்துக்கோ கழுவலும் வடிகாலுமே மருந்து.

இவ்விடத்தில் சாயம் தோய்ப்போருக்கும் ஒரு சொல் கூற வேண்டியிருக்கிறது. பருத்தி நூலும் அதற்கிடும் சாயங்கள் பலவும் நீரில் ஒரேவிதமான மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்குகின்றன. அவ்விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை நூலில் ஏறச் செய்யவே சாயத்தொட்டியில் உப்பு இடப்படுகிறது. ஆழ்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 50 கிராம் வரையும் அதற்கு மேலும் இடுவதுண்டு. நூல் அந்த உப்பை உண்பதில்லை. ஏறக்குறைய இட்ட உப்பு முழுவதும் கழிவு நீரோடு வெளியேறுகிறது. லிட்டருக்கு 50 கிராம் உப்புள்ள நீர் தண்ணீரை இழுக்கும் சக்தி ஏறக்குறைய 40 வளிமண்டல அழுத்தம். மண் தண்ணீரைப் பிடித்து வைக்கும் சக்தி 15-ஐ எட்டினாலே பயிர்கள் மீளாத வாட்டம் அடையும் என்பது பொதுக்கணக்கு. அத்தகைய நீர் வாய்க்காலில் கலந்தால் கீழ்மடை வயலின் கதி என்னவென்று நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நொய்யல் ஆற்றில் நடந்தது யாவரும் அறிந்ததே. 1992-ஆம் ஆண்டில் பாசனத்துக்கென எழுந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு நீர் வந்து தேங்கியது. கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். 2011-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ப் பகுதிச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவு நீரைச் சொட்டும் வெளியே விடாது சுத்திகரித்தாலன்றித் தொழில் நடத்த இயலாது என்ற நிலை அதன்பின் உறுதியாயிற்று. விவசாயியும் தொழிலாளியும் ஒருசேரத் துன்புற்ற காலம் அது.

அச்சுத்திகரிப்பிலும் வேலை செய்வது ஒரு சவ்வே. உப்பு நீரை அதன் இழுக்கும் சக்தியினும் மிகுந்த அழுத்தத்தால் தள்ளினால், தண்ணீர் இயல்புக்கு மாறான திசையில் சவ்வைக் கடந்து நன்னீராக வெளிவரும், உப்பு பின்தங்கும். இதற்கு உதவும் செயற்கைச் சவ்வை 1960-ஆம் ஆண்டை ஒட்டி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் செய்து காட்டினர். அச்சவ்வுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் செல்லுலோஸ் அசிட்டேட். பருத்தி இழையின் உடலாக அமைந்த செல்லுலோஸிலிருந்தே அப்பொருள் ஆக்கப்படுகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. செடியின் வேர் தன் சுவாசத்தைக் கொண்டே இவ்வேலையைச் செய்கிறது. ஆலையோ மின்சாரக் கட்டணம் செலுத்திச் செய்ய வேண்டும். தொட்டியில் இடும் உப்பைக் குறைப்பதே கழிவிலிருந்து உப்பைப் பிரிப்பதைவிடச் சிக்கனமானது.

நாம் செய்யத்தக்கவை

மேலே கூறியவற்றிலிருந்து நமது உறுப்பினர்கள் கைக்கொள்ளத்தக்கவற்றைத் தொகுத்துக் கூறுகிறோம்.

1. பருத்தி பூக்கத் தொடங்கியது முதல் காய் பருக்கும் வரை மண்ணில் ஈரம் அற்றுப்போக விடலாகாது. பூக்கள் ஒரே நாளில் மலர்வதில்லை. ஒவ்வொரு பூவுக்கும் அதன் மூன்று வாரம் உண்டு. ஆதலால் ஒருமுறை நிறையக் கட்டி நெடுநாள் காயவிடுவதினும், அளவாகப் பலமுறை பாய்ச்சுவது நலம்.

2. மழைக்குமுன் வடிகாலைத் தூர் வாருக. தேங்கிய நீரை அன்றே வடித்துவிடுக.

3. தழைச்சத்தோடு நிறுத்திவிடாமல், மண் பரிசோதனை முடிவின்படி சாம்பல்சத்தும் இடுக. அதில் ஒரு பகுதியைப் பூக்கும் பருவத்தை ஒட்டி இடுவது இழைக்கு உதவும். நம் நாட்டுக்கு வேண்டும் பொட்டாஷ் உரம் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது, அதனை வீணாக்கலாகாது.

4. உரத்தைத் தண்டிலிருந்து நான்கு விரற்கிடையேனும் தள்ளி இட்டு மண்ணால் மூடி, உடன் நீர் பாய்ச்சுக.

5. கிணற்று நீரையும் மண்ணையும் பருவத்துக்கு முன் சோதித்தறிக. களர், உவர் என்று அறியாமல் ஜிப்சம் வாங்குதல் பணவிரயம்.

6. சாயம் தோய்ப்போர் உப்பைக் கைக்கணக்கில் அள்ளி இடாமல் நிறுத்து இடுக. கழிவு நீரைப் பாசன வாய்க்காலிலோ மழைநீர்க் கால்வாயிலோ விடாமல் சுத்திகரிப்புக்கு அனுப்புக.

விளைவிப்போரின் சாம்பல்சத்தும் நெய்வோரின் நூல் நம்பரும் வெவ்வேறு கணக்கேடுகளில் எழுதப்படுகின்றன. ஆயினும் சாயத்தொட்டியில் இன்று மிகையாக விழும் ஒரு படி உப்பு, நாளை ஒரு கிணற்றில் ஏறி, மறு ஆண்டு ஒரு வயலின் வேரில் தண்ணீரைத் தடுத்து, அதன் பஞ்சைக் குட்டையாக்கி, மீண்டும் நம் தறியிலேயே அறுந்த நூலாக வந்து நிற்கக்கூடும். இதனை உணர்ந்து இரு சாராரும் கலந்து செயற்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அடுத்த பருவத்துக்கு விதை வாங்குமுன் மண்ணும் நீரும் எடுத்துச் சென்று பரிசோதனைக்குக் கொடுப்பது அதற்கு நல்ல தொடக்கமாகும்.